ரயில் வருவதற்கு முன் வாங்கிய மண்

அந்தத் தரகரை நான் முதன்முதலில் பார்த்தது ராயபுரத்தில், எங்கள் மாதா கோயில் வாசலில். ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்து கூட்டம் வெளியே வந்துகொண்டிருந்தது. அவர் ஸ்கூட்டரை வேப்பமர நிழலில் நிறுத்தி, சீட்டின் மேல் ஒரு நீலக் காகிதத்தை விரித்து, காற்றில் பறக்காமல் இருக்க மூலைக்கு ஒரு கல் வைத்திருந்தார். எர்ணாவூருக்குத் தெற்கே, கடலுக்கும் ரயில் பாதைக்கும் நடுவில் போட்டிருந்த மனைப்பிரிவின் வரைபடம் அது. சின்னச் சின்னக் கட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு எண்.

"இன்னிக்கு மணலு, ஒத்துக்கறேன்" என்றார். "நாளைக்கு எலெக்ட்ரிக் ரயிலு வருது. பீச் ஸ்டேஷன்ல ஏறுனா, ஒரு தூக்கம் போடறதுக்குள்ள உங்க வூட்டு வாசல்ல எறங்கலாம். தாம்பரம் பக்கம் அந்த ரயிலு வந்தப்பறம் மனை வெல இன்னா ஆச்சுன்னு யாரையாவது கேட்டுப் பாருங்க."

என் கணவர் சிரித்துவிட்டார். "கரி எஞ்சினே நேரத்துக்கு வர்றதில்ல. கரண்ட்டு ரயிலு வருதாம். வாம்மே போலாம்."

நான் நகரவில்லை. உண்மையைச் சொன்னால் ரயிலைப் பற்றி அவர் சொன்னது என் காதில் சரியாக விழவே இல்லை. அந்தக் கட்டங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நாங்கள் குடியிருந்த வீட்டில் பதினோரு குடும்பங்களுக்கு ஒரே குழாய், இரண்டு கக்கூஸ். காலையில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு, வாளியோடு இன்னொரு வரிசையில் நிற்க வேண்டும். எங்களுக்கு இருந்த ஒற்றை அறையில் ஒருவர் புடவை மாற்றினால் மற்றவர் வெளியே போக வேண்டும். இந்தக் காகிதத்தில் ஒரு கட்டம் முழுக்க ஒரே குடும்பத்துக்கு. எனக்கு அதுதான் தலைக்கு ஏறியது.

அப்போது எனக்கு இருபத்து நாலு வயது. எழுபதுகளின் தொடக்கம். கணவர் துறைமுகத்தில் வின்ச் ஓட்டினார். கப்பலின் வயிற்றிலிருந்து மூட்டைகளைத் தூக்கிக் கரையில் இறக்குகிற இயந்திரம். நான் திருவொற்றியூரில் தீப்பெட்டித் தொழிற்சாலையில், பெட்டிகளை அடுக்கிக் கட்டும் பிரிவில் இருந்தேன். எத்தனை முறை சோப்பு போட்டாலும் விரலில் மருந்து வாசனை போகாது. எங்கள் இரண்டு பேர் சம்பளத்தில் சாப்பாட்டுக்குக் குறைவில்லை. மனை வாங்குகிற அளவுக்கு மிச்சமும் இல்லை. என்னிடம் இருந்தது அம்மா வீட்டில் போட்ட இரட்டை வடச் சங்கிலி ஒன்றுதான்.

அதை விற்கலாம் என்று நான் சொன்னபோது கணவர் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் வேலைக்குக் கிளம்பும்போது, செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "உன் நகை. பத்திரத்த உன் பேர்லயே எழுதிக்கலாம். என்னான்னாலும் அது உனக்குத்தான்."

எங்கள் தெருவில் அதுவரை எந்தப் பெண் பேரிலும் மண் கிடையாது.

பதிவு முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை மனையைப் பார்க்கப் போனோம். பஸ்ஸை விட்டு இறங்கி மணலில் நடந்து நடந்து கணுக்கால் வலித்தது. போய்ப் பார்த்தால் கருவேல முள்ளும், ஆடு மேய்ந்த புல்லும், நாலு எல்லைக்கல்லும். கடல் கண்ணுக்குத் தெரியவில்லை, சத்தம் மட்டும் கேட்டது. மேற்கே ரயில் பாதை, அதற்கும் அப்பால் மணலி ஆலைகளின் புகை. கணவர் இடுப்பில் கை வைத்து நின்று, "ஒரு நாயைக் கூட காணோமே" என்றார்.

பக்கத்து மனையில் ஒரு அம்மாள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கால் கட்டைவிரலால் மணலைக் கிளறிக்கொண்டிருந்தார். காசிமேட்டிலிருந்து மீன் கூடை சுமந்து ராயபுரம் முழுக்க விற்பவர். அவருடைய கணவர் இறந்து பல வருடம். எனக்கு முகம் தெரியும், பேசியதில்லை.

"இங்க வா கண்ணு" என்று கூப்பிட்டார். "இந்த மணலப் பாத்தியா? எப்டி வெளுத்துக் கீது! கடலோரத்துல இப்டி கீற எடத்துல தோண்டுனா தித்திப்புத் தண்ணிதான். ரயிலு வருதோ வரலியோ, தண்ணி கீது. வூடு கட்டறவளுக்கு வேற இன்னா வோணும்?"

எங்களுக்குப் பின் மனையில் ஒருவர் அளவு நாடாவோடு குனிந்திருந்தார். வியாசர்பாடி அடுக்குக் குடியிருப்பில் வசிப்பவர், பெரம்பூர் ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். ஒரு முறை அளந்ததை மறுபடியும் அளந்தார். நாங்கள் பார்ப்பதைக் கண்டு கொஞ்சம் வெட்கப்பட்டு, "அளவு சரியாத்தான் இருக்கு. சும்மா இன்னொரு தபா அளந்து பாத்தேன்" என்றார். பிறகு, யாரும் கேட்காமலே, "எங்க வம்சத்துல ஒருத்தன் பேர்லயும் ஒரு சாண் மண்ணு இருந்ததில்லம்மா" என்றார். அவர் மூன்றாவது தடவையும் அளந்தார். நாங்கள் சிரிக்கவில்லை.

அதன் பிறகு ஒன்றுமே நடக்கவில்லை.

வருடம் ஒன்று போனது, இரண்டு போனது. எங்களுக்கு மகள் பிறந்தாள். ரயில் பாதையில் பழையபடி ஒரு நாளைக்குச் சில கரி வண்டிகள்தான் போயின. ஒரு ஐப்பசி மழையில் மனைப்பிரிவின் தாழ்ந்த பக்கம் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. எங்கள் வீட்டுக்காரம்மா குழாயடியில் எல்லார் முன்னாலும் கேட்பார்: "இன்னாம்மே, உன் ரயிலு எந்த ஸ்டேஷன்ல நிக்குது?" வரிசையில் நிற்கிற பெண்கள் சிரிப்பார்கள். முதலில் நானும் சிரித்தேன். போகப் போக குடத்தைத் தூக்கிக்கொண்டு பேசாமல் வந்துவிடுவேன். கணவர் ஒரு நாள் கூட, 'நான் அப்பவே சொன்னேன்' என்று சொன்னதில்லை. அவர் திட்டியிருந்தாலாவது பதில் சொல்லியிருப்பேன்.

வருடத்துக்கு ஒரு முறை, புது வருடப் பூசை முடிந்ததும், அரிவாள் எடுத்துக்கொண்டு போய் முள்ளை வெட்டிவிட்டு வருவோம். அடுத்த வருடம் முள் அதே உயரத்துக்கு நிற்கும்.

இப்படி ஆறேழு வருடம் போன பிறகு, ஒரு சாயங்காலம் தரகர் எங்கள் வீட்டுக்கே வந்தார். தலை நரைத்திருந்தது. மகளுக்கு பிஸ்கட் பொட்டலம் வாங்கி வந்திருந்தார். பாயில் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டே பேசினார்.

"ரயிலு திட்டத்தக் கைவுட்டுட்டாங்க நைனா. இனிமே வராது. எனக்கு நெஞ்சு உறுத்துது. நான் வித்த மண்ணு, நானே திருப்பி வாங்கிக்கறேன். நீங்க போட்டத அப்டியே தந்துடறேன். மத்தவங்க எல்லாரும் ஒத்துக்கினாங்க. மீன்கார அம்மா, அந்த வியாசர்பாடிக்காரரு, எல்லாம் முடிஞ்சுது. உங்கள்து ஒண்ணுதான் பாக்கி. நீங்க மட்டும் அந்தப் பொட்டல்ல தனியா இன்னா பண்ணுவீங்க?"

கணவருக்கு அவர்மேல் மரியாதையே வந்துவிட்டது. இந்தக் காலத்தில் யார் இப்படித் தேடி வந்து திருப்பிக் கொடுக்கிறார்கள்? அடுத்த வாரம் திருவொற்றியூர் பதிவு அலுவலகத்துக்கு வருகிறோம் என்று வாக்குக் கொடுத்துவிட்டார். தரகர் போன பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"புள்ளைக்கு மழை வந்தா இருமலு நிக்கல. அந்தத் துட்டுல கொஞ்சம் நல்ல எடமா வாடகைக்குப் பாக்கலாம். இன்னா சொல்றே?"

"சரி" என்றேன். "ஒரே ஒரு தபா போய்ப் பாத்துட்டு வந்துடறேன். அப்பால கையெழுத்துப் போடறேன்."

"இன்னாத்துக்கு? மண்ணு எங்கயும் ஓடிடாது."

"அதுகிட்ட சொல்லிட்டு வரணும்ல."

அவர் சிரிக்கவில்லை. "போய்ட்டு வா" என்றார்.

மறுநாள் காலை ஷிப்ட் முடிந்ததும், வீட்டுக்குப் பஸ் ஏறாமல் வடக்கே நடந்தேன். சாலையில் லாரிப் புழுதி அதிகம் என்பதால் ரயில் பாதை ஓரமாகவே போனேன். மனதில் அழுகை முட்டிக்கொண்டிருந்தது. அதனால்தான் தலையைக் குனிந்து நடந்தேன். அப்படிக் குனிந்து நடந்ததால்தான் பார்த்தேன். தண்டவாளத்தின் பக்கவாட்டில் வெள்ளைப் பெயின்டில் எண்கள். கொஞ்ச தூரம் தள்ளி அடுத்த எண். அதற்கு நேராகத் தரையில் ஒரு மரமுளை. அதைத் தாண்டி அடுத்த முளை. எல்லாம் ஒரே இடைவெளியில்.

இன்னும் கொஞ்ச தூரத்தில் பத்துப் பதினைந்து பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஆண்கள் கடப்பாரையால் சதுரமாகப் பள்ளம் தோண்ட, பெண்கள் ஜல்லி சுமந்தார்கள். கூடையை இறக்கிவிட்டு மூச்சு வாங்கிய ஒரு பெண்ணிடம் கேட்டேன்.

"இன்னாத்துக்குக்கா பள்ளம்?"

"கம்பம் நட" என்றாள். "மேல கம்பி இழுத்து கரண்ட்டு வண்டி வுடப் போறாங்களாமே! கொருக்குப்பேட்டயிலேர்ந்து தோண்டிகினேதான் வர்றோம். முதுகு போச்சு."

நான் அந்த ஜல்லிக் குவியலிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் பயந்துபோய், "இன்னா ஆச்சு? தண்ணி வோணுமா?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அழுகையும் வந்தது. அவள் கொடுத்த தண்ணீரை முழுவதும் குடித்தேன்.

ஆனால் ஜல்லி சுமக்கிற பெண் சொன்னாள் என்று வீட்டில் போய்ச் சொன்னால், கணவர் நம்பினாலும் மற்றவர்கள் நம்ப வேண்டுமே. ரயில்வேயில் இருக்கிற ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். நேராக வியாசர்பாடிக்குப் போனேன். விசாரித்து விசாரித்து அந்த ஃபிட்டர் வீட்டைக் கண்டுபிடித்தபோது, அவர் பட்டறையிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தார். சுவரில் புத்தர் படம், அதற்குக் கீழே பிள்ளைகளின் பாடப் புத்தகங்கள் அடுக்கி இருந்தன.

என்னைப் பார்த்ததும், "நீங்க கையெழுத்துப் போட்டுட்டீங்களாமே" என்றார்.

"யார் சொன்னது?"

"தரகர்தான். எல்லாரும் முடிச்சிட்டாங்க, நான் மட்டுந்தான் பாக்கின்னாரு."

"எங்க வூட்டுல வந்து நீங்க முடிச்சிட்டதா சொன்னாரு!"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். நான் பாதையில் பார்த்ததை எல்லாம் சொன்னேன். "பட்டறையில நாங்க வண்டி ரிப்பேரு பாக்கறவங்க. கம்பம் நடற விசயம் எங்க காதுக்கு வரலம்மா" என்றார். "காலையில வர்றேன். கண்ணால பாக்கணும்."

மறுநாள் அவர் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தார். தண்டவாளத்துக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, அந்த வெள்ளை எண்களைக் கண்ணாடி போட்டுப் படித்தார். முளைக்கு முளை காலடி வைத்து அளந்தார். பள்ளம் தோண்டுகிறவர்களின் மேஸ்திரியிடம் போய்ச் சிறிது நேரம் பேசினார். திரும்பி வரும்போது அவர் முகமே வேறாக இருந்தது.

"கம்பத்து நம்பருதான். சந்தேகமே இல்ல" என்றார். "அந்தாளு நம்ம காலடி மண்ணை உருவப் பாத்தாரும்மா."

அன்று மத்தியானம் மீன்கார அக்காவைத் தேடிப் போனேன். காசிமேட்டில் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தார். அவரிடமும் தரகர் அதே கதையைத்தான் சொல்லியிருந்தார். முழுவதும் கேட்டுவிட்டு, கையிலிருந்த தண்ணீரை உதறினார்.

"பேமானி. எனக்கு ஒரு பொட்டலம் கருவாடு வேற வாங்கியாந்து குட்த்தான், மீன்காரிக்கே கருவாடு! அப்பவே நெனச்சேன். நீ வூட்டுக்குப் போ. யார் யார் மனை வாங்கிக்கீறாங்கன்னு எனக்குத் தெரியும். பாதிப் பேரு என்கிட்ட மீன் வாங்கறவங்க."

அடுத்த நாலு நாளும் அவர் கூடையோடு இந்தச் செய்தியும் தெருத்தெருவாகப் போனது. ஃபிட்டர் வியாசர்பாடி, புளியந்தோப்புப் பக்கம் இருந்தவர்களைப் பார்த்துக்கொண்டார். நான் தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்த இரண்டு பெண்களின் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். இதை எல்லாம் சொன்னதும் என் கணவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பிறகு, "நான் வாக்குக் குட்த்துட்டேனே" என்றார். எனக்கு அது கொஞ்சம் பயமாகவே இருந்தது. வாக்கு விஷயத்தில் அவர் பிடிவாதக்காரர்.

பதிவு நாள் வந்தது. திருவொற்றியூர் அலுவலகத்தின் வராந்தாவில் தரகர் பத்திரங்களைத் தயாராக எழுதி வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஒருவர் வரும்போது இன்னொருவர் இருக்கக் கூடாது என்று ஆளுக்கு ஒரு நேரம் சொல்லியிருந்தார். நாங்கள் எல்லாரும் காலை பத்து மணிக்கே ஒன்றாகப் போய் நின்றோம். பதினெட்டுப் பேர். சிலர் பிள்ளைகளையும் கூட்டி வந்திருந்தார்கள். வராந்தாவில் இடம் போதவில்லை.

தரகர் எழுந்து நின்றார். முதலில் சிரிக்கப் பார்த்தார். "இன்னா இது, கல்யாண ஊர்வலமா?"

எனக்கு நாலு பேர் முன்னால் பேசிப் பழக்கமில்லை. இருந்தாலும் கேட்டேன்.

"ஐயா, ரயிலு வராதுன்னு சொன்னீங்க. வராத ஊர்ல இவ்ளோ மணலை வாங்கி நீங்க இன்னா பண்ணப் போறீங்க?"

"உங்க நல்லதுக்குத்தாம்மா—"

"கொருக்குப்பேட்டயிலேர்ந்து கம்பத்துக்குப் பள்ளம் தோண்டிகினு வர்றாங்க. நான் பாத்தேன். இவரும் பாத்தாரு. நீங்க பாக்கலியா?"

ஃபிட்டர் ஒரு அடி முன்னால் வந்து நின்றார். அவர் ரயில்வேக்காரர் என்பது தரகருக்குத் தெரியும். அது போதுமாக இருந்தது. தரகர் என்னை விட்டுவிட்டு என் கணவர் பக்கம் திரும்பினார். அவர் ராத்திரி ஷிப்ட் முடித்து, எண்ணெய்க் கறை படிந்த நீலச் சட்டையோடு நேராக அங்கே வந்திருந்தார்.

"நீ வாக்குக் குட்த்தியே நைனா. ஆம்பள பேச்சு ஒரு பேச்சு இல்லியா?"

கணவர் அவரை நேராகப் பார்த்துச் சொன்னார்:

"நான் வாக்குக் குட்த்தது நல்ல மனுசன்னு நெனச்சி. நீ சொன்னது பொய்யி, அதுக்குக் குட்த்த வாக்கும் செல்லாது. அப்பறம் இன்னொண்ணு. அந்த மண்ணு என் பேர்ல இல்ல. அவ பேர்ல கீது. அவளக் கேளு."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"விக்கிறதா இல்ல" என்றேன்.

மீன்கார அக்கா அவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்ததை எல்லாம் அப்போது அவிழ்த்து விட்டார். அதை எழுத்தில் எழுத முடியாது. உள்ளே இருந்த குமாஸ்தாக்கள் எல்லாம் எழுந்து வந்து கதவோரம் நின்று கேட்டார்கள். தரகர் பத்திரங்களைப் பையில் திணித்துக்கொண்டு ஸ்கூட்டரை உதைத்தார். அது முதலில் கிளம்பவில்லை. நாலைந்து உதை உதைத்த பிறகுதான் கிளம்பியது. அதற்குள் வராந்தா முழுக்கச் சிரிப்பு.

இரண்டு குடும்பங்கள் அதற்கு முன்பே கையெழுத்துப் போட்டுவிட்டிருந்தன. அதில் ஒன்று சடையங்குப்பத்துக் குடும்பம். வெள்ளத்தில் குடிசை போன பிறகு அவசரத்துக்கு விற்றவர்கள். எங்களுக்கு ஒரு மாதம் முன்னால் தெரிந்திருக்கக் கூடாதா என்று இன்றும் நினைப்பேன். அந்த ஒரு வருத்தம் எனக்கு உண்டு.

மற்றவர்கள் யாரும் காத்திருக்கவில்லை. கம்பங்கள் எழும்ப எழும்ப நாங்களும் கட்ட ஆரம்பித்தோம். முதலில் கிணறு. மீன்கார அக்கா இடம் காட்டினார். எட்டாவது அடியிலேயே தண்ணீர் ஊறியது. நான் கையில் அள்ளிக் குடித்தேன். தித்தித்தது. "சொன்னேன்ல!" என்று அவர் என் முதுகில் ஓங்கி ஒரு அறை விட்டார். பிறகு இரண்டு அறையும் ஒரு சமையல் இடமும், மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. கணவரோடு வேலை செய்தவர்கள் ஞாயிறுதோறும் வந்து செங்கல் எடுத்துக் கொடுத்தார்கள். ஃபிட்டர் எங்கள் ஜன்னல் கம்பிகளைத் தன் கையாலேயே பொருத்தினார். பங்குச் சாமியார் வந்து வீட்டை மந்திரித்த அன்று, தீர்த்தம் தெளிக்க இடமே இல்லை, அவ்வளவு கூட்டம். மகளின் இருமல் அந்த உப்புக் காற்றில் தானாகவே நின்றுபோனது.

அந்தப் பத்தாண்டு முடிகிற சமயத்தில் மின்சார ரயில் வந்தது. தரகர் சொன்னபடி எங்கள் வாசலில் நிற்கவில்லை. ஸ்டேஷனுக்குக் கால் மணி நேரம் நடக்க வேண்டும். யாரும் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. முதல் சில நாட்கள் வண்டி வரும் சத்தம் கேட்டாலே பெண்கள் கரண்டியோடு வெளியே ஓடி வந்து பார்ப்பார்கள். புகை இல்லை, கரித்தூள் இல்லை. காயப்போட்ட வெள்ளைத் துணி வெள்ளையாகவே இருந்தது.

அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை நாங்கள் எல்லாரும் சும்மா ரயில் ஏறுவதற்காகவே கிளம்பினோம். நான், கணவர், மகள், ஃபிட்டர் குடும்பம், மீன்கார அக்கா. அக்கா அன்று கூடை இல்லாமல், பட்டுப் புடவை கட்டி, தலை நிறையக் கனகாம்பரம் வைத்துக்கொண்டு வந்திருந்தார். எங்கே போகிறோம் என்று யாருமே யோசித்திருக்கவில்லை. டிக்கெட் கவுன்டரில், "எந்த ஊருக்கு?" என்று கேட்டபோது ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"எண்ணூர்" என்றார் என் கணவர்.

வண்டி கிளம்பியது. மகள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எங்கள் வீடு, கிணற்றுச் சுவர், ஃபிட்டர் வீட்டு மாடிப்படி, வெளியே காய்ந்துகொண்டிருந்த என் புடவை, எல்லாம் ஒரு நொடியில் கடந்துபோனது. "நம்ம வூடு! நம்ம வூடு!" என்று அவள் கத்தினாள். எதிரே உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத ஒரு பெரியவர், "எது பாப்பா, அந்தப் பச்சக் கதவா?" என்று கேட்டார். "ஆமாங்க, அதான்" என்று நான்தான் முந்திக்கொண்டு பதில் சொன்னேன்.

எண்ணூரில் இறங்கி, ஆளுக்கு ஒரு டீ குடித்துவிட்டு, அடுத்த வண்டியில் திரும்பி வந்தோம்.